எலானோவின் வலது கால்

ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு செய்திகள் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டால் பிறகு அவற்றைப் பிரித்தெடுப்பது லேசில்லை. 2014 அக்டோபர் 28, செவ்வாய்க்கிழமை, சென்னை நேரு விளையாட்டரங்கில் மும்பை சிட்டி அணியைச் சென்னையின் எஃப்சி ஐந்துக்கு ஒன்று என்று தோற்கடித்தது. ஐந்தில் இரண்டு கோல், எலானோ ப்ளூமர் என்கிற முப்பத்துமூன்று வயது பிரேசில்காரர் போட்டவை. அதே வாரம் சனிக்கிழமை, நவம்பர் 1, ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் கைப்பேசி ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அரங்கத்துக்கும் ஆலைக்கும் நடுவே ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். ஒன்று கொண்டாட்டம், மற்றது இழவு என்று சொல்லிவிட்டு மேலே போய்விடலாம்; ஊரும் அப்படித்தான் போனது. எனக்கு அது கூடவில்லை. ஒரகடம் பக்கம் போகும்போதெல்லாம், கம்பெனி பஸ்கள் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு வரிசையாக நிற்கும் அந்த அகலச் சாலையில், ரப்பரும் பெயிண்டும் கலந்த ஒரு வாடை காற்றில் வரும்போது, எலானோவின் வலது கால் நினைவுக்கு வந்துவிடுகிறது. கால்பந்துக்கும் இந்தச் சாலைக்கும் என்ன உறவு? நேரான பதில் என்னிடம் இல்லை. ஆனால் அந்தக் காலைப் பற்றி யோசிக்காமல் இந்தச் சாலையில் வேலை என்று எதைச் சொல்கிறோம் என்பதை என்னால் யோசிக்க முடியவில்லை.

சென்னைக்கு வந்தபோது அவர் ஓட்டம் குறைந்துபோன ஆட்டக்காரர். இதைச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நடுக்களத்தில் ஆடுகிறவனுக்கு முதலில் தேய்வது நுரையீரல்தான். எலானோவிடம் தேயாமல் மிஞ்சியிருந்தது நின்ற பந்து. அக்டோபர் 15 அன்று கோவாவில் சென்னை அணியின் முதல் ஆட்டத்திலேயே ஃப்ரீ கிக்கில் கோல் போட்டார். ஃப்ரீ கிக் என்பது விசித்திரமான நேரம். ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டம் நிற்கிறது. எதிரணி பத்து கெஜம் தள்ளிச் சுவராக நிற்கிறது. நடுவர் அதட்டுகிறார், பந்தை இரண்டு கையாலும் எடுத்துப் புல்லில் அமர்த்துகிறார்கள், விசிலுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் வயது தலையிட முடியாது. மூச்சு வாங்கிக்கொள்ளலாம், இடுப்பில் கை வைத்து நிற்கலாம். பிறகு நான்கைந்து எட்டு; கணுக்கால் எந்தக் கோணத்தில் இறுக வேண்டும், பாதத்தின் எந்த எலும்பு பந்தின் எந்த இடத்தில் பட வேண்டும் என்பதெல்லாம் யாரும் நினைவூட்டாமலே நடக்கிறது. 2007 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டிக்காக நியூகாஸில் அணியின் வலை மேல்மூலையில் ஒரு ஃப்ரீ கிக்கைக் கொண்டுபோய்ச் சொருகிய அதே கால்தான். காயம் அந்தச் சென்னைப் பருவத்திலேயே அவரைச் சில ஆட்டங்களுக்கு வெளியே உட்காரவைத்தது. ஆனாலும் 11 ஆட்டங்களில் 8 கோல், இந்தியன் சூப்பர் லீக் முதல் பருவத்தில் அதிகக் கோல் போட்டவருக்கான தங்கக் காலணி. உடம்பில் ஒரு திறமை இவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டால் அதை எந்த ஊரும் எந்த முதலாளியும் பிடுங்கிக்கொள்ள முடியாது என்று தோன்றும். பிடுங்கிக்கொள்ள முடியாத திறமை என்பதுதான் என்னை ஸ்ரீபெரும்புதூருக்கு இழுக்கிறது.

ஆனால் எலானோவை வெறும் ஃப்ரீ கிக் கால் என்று சுருக்குவது அநியாயம். பயிற்சியாளர் டுங்காவின் பிரேசில் அணியில் அவர் வலது பக்கம் நின்ற நடுக்கள ஆள். முன்னால் காக்கா, ரொபின்ஹோ, லூயிஸ் ஃபாபியானோ என்று பளபளக்கும் பெயர்கள். பின்னாலிருந்து மைக்கோன் ஏறி வருவார். அவர் ஏறிப் போன இடத்தை அடைக்க வேண்டும், காக்காவுக்கு இடம் விட்டு நகர வேண்டும், பந்து போகாத பக்கத்தில் நின்று எதிராளியைக் குழப்ப வேண்டும். நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவரை யாரும் பார்ப்பதில்லை. அவர் மூச்சு நின்றால் மட்டும் பந்தலே திரும்பிப் பார்க்கும். நடுக்கள ஆளின் மதிப்பு அந்த வகை. 2010 உலகக் கோப்பையில் வட கொரியாவுக்கு எதிராக ஒரு கோல், ஐவரி கோஸ்டுக்கு எதிராக ஒரு கோல் என்று எலானோ நன்றாகத் தொடங்கியிருந்தார். அந்த இரண்டாவது ஆட்டத்தில் சேக் தியோத்தே அவர் காலில் மோதினார். ஸ்ட்ரெச்சரில் வெளியே போனவர் அந்தப் போட்டியில் மறுபடி இறங்கவே இல்லை. அவர் இடத்தில் டானி ஆல்வெஸ் ஆடினார். திறமையில் எந்த விதத்திலும் குறைந்தவரல்லர். இருந்தும் காலிறுதியில் நெதர்லாந்திடம் முதலில் கோல் போட்டுவிட்டு ஒன்றுக்கு இரண்டு என்று பிரேசில் தோற்றபோது, அணியின் வலது பக்கத்தில் ஏதோ ஒரு கணக்கு தப்பிக்கொண்டே இருந்ததாகத்தான் எனக்குப் பட்டது. எலானோ இருந்திருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. எனக்கு முக்கியம் வேறு: ஒரு மனிதன் இல்லாததை அப்படி யோசிக்கவாவது அந்த ஆட்டம் இடம் கொடுக்கிறது.

ஒரு அசெம்பிளி லைன் இதற்கு நேர் எதிராக வடிவமைக்கப்பட்டது. அங்கே ஒவ்வொரு இடத்துக்கும் இத்தனை வினாடி என்று கணக்கு. வண்டியோ போர்டோ முன்னால் வந்து நிற்கும், அதற்குள் அந்த நான்கு திருகை முடுக்கியாக வேண்டும், அல்லது அந்தச் சிறு உதிரியைப் பொருத்தியாக வேண்டும், பிறகு அது நகர்ந்துவிடும், அடுத்தது வரும். ஒருவர் வரவில்லை என்றால் லைன் நிற்கக் கூடாது. மாற்றாள் வந்து நிற்பார், வேலை ஓடும். யார் இல்லாவிட்டாலும் தெரியக்கூடாது என்பதே நல்ல லைனின் இலக்கணம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இல்லாவிட்டால் இவ்வளவு கார்களும் இவ்வளவு கைப்பேசிகளும் உலகத்துக்குக் கிடைத்திருக்காது. நோக்கியா 2006இல் தொடங்கி ஐந்தாறு வருடத்துக்குள் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஐம்பது கோடி கைப்பேசிகளை அனுப்பியது. லைனில் நின்றவர்களில் பெரும்பாலோர் பள்ளிப்படிப்பையோ டிப்ளமோவையோ முடித்துவிட்டு நேரே வந்த இளம்பெண்கள். நிலைமின்சாரம் பாயாமலிருக்க மணிக்கட்டில் பட்டை, மேலே ஒரு அங்கி, காலில் அதற்கென்று ஒரு செருப்பு. அவர்கள் விரல்களில் இருந்த வேகமும் நுணுக்கமும் எலானோவின் கணுக்காலுக்கு ஒன்றும் சளைத்தவையல்ல. பத்தாயிரம் முறை, லட்சம் முறை ஒன்றையே செய்து உடம்புக்குள் இறக்கிக்கொண்ட திறமைதான் இரண்டும். அப்படியிருக்க, ஒன்று கடல் தாண்டிப் போய் விலை பேசிக்கொள்கிறது. மற்றது ஆலையின் கேட்டுக்கு வெளியே வந்ததும் ஒன்றுமில்லாமல் போகிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

சந்தை என்று ஒரு சொல்லில் பதில் சொல்வார்கள். அபூர்வமானதற்கு விலை, எல்லோரும் செய்யக்கூடியதற்கு விலை இல்லை. அதில் பாதி உண்மை. மறுபாதிக்கு எலானோ போன வழியைப் பார்க்க வேண்டும். சாவோ பாவ்லோ மாநிலத்தின் உள்நாட்டில் இராசெமாபொலிஸ் என்கிற கரும்புக்காட்டு ஊரில் 1981இல் பிறந்தவர். காம்பினாஸ் நகரின் குவாரனி அணியில் பழகி, சாண்டோஸுக்குப் போனார். சாண்டோஸ் துறைமுக நகரம். பிரேசிலின் காபி எல்லாம் கப்பலேறிய இடம். அங்கே 2002, 2004 என்று இரண்டு முறை தேசியப் பட்டம். 2005இல் உக்ரைனின் தோனெத்ஸ்க். அது நிலக்கரி நகரம். அங்கே அவர் ஆடிய ஷாக்தார் சுரங்கத் தொழிலாளிகளின் அணியாக 1936இல் உருவானது. 2007இல் மான்செஸ்டர், பருத்தி ஆலைகள் எழுந்து விழுந்த ஊர். பிறகு இஸ்தான்புல், மறுபடி சாண்டோஸ், நெய்மாரோடு 2011இல் லிபர்டடோரஸ் கோப்பை, போர்ட்டோ அலெக்ரே, ரியோ, கடைசியில் கார் நகரமான சென்னை. யாரோ தொழிற்சாலைகளின் வரலாற்றைப் பாடமாக வைத்து அவருக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கிறது. இதில் ஆச்சரியமும் இல்லை. கால்பந்து இங்கிலாந்தில் வளர்ந்ததே ஆலைத் தொழிலாளிக்குச் சனிக்கிழமை மதியம் விடுமுறை கிடைத்ததால்தான். பிரேசிலிலும் ரியோவின் பாங்கு நெசவாலைபோல ஆலைகளே அணிகளை வளர்த்தன. ஆலை ஆட்களின் ஓய்விலிருந்து எழுந்த ஆட்டம் அந்த ஆட்களையே விட்டுவிட்டு உயரத்துக்குப் போயிற்று; ஆலைகளும் அந்த ஊர்களை விட்டுவிட்டு வேறு ஊர்களுக்குப் போயின. எலானோ சென்னையில் ஆட இறங்குவதற்குச் சில மாதங்கள் முன்புதான் தோனெத்ஸ்கில் போர் மூண்டு ஷாக்தாரின் அரங்கம் குண்டடிபட்டது. அந்த அணி தன் ஊரைவிட்டே வெளியேறியது. எலானோ அதற்கு ஏழு வருடம் முன்பே கிளம்பியிருந்தார். ஊர் விழும்போது அங்கே இல்லாமல் இருப்பதும் ஒரு வகைச் செல்வம் என்று எண்ணத் தோன்றுகிறது.

அவர் பிறந்த ஊரின் கதை இதைவிடக் குத்துகிறது. எலானோ கிளம்பிப் போய் வெகுகாலம் கழித்து, 2016இல், இராசெமாபொலிஸில் மெர்சிடிஸ் பென்ஸ் ஒரு கார் ஆலை திறந்தது. கரும்பு வெட்டிய ஊருக்கு வேலை வந்தது என்று எல்லாரும் மகிழ்ந்திருப்பார்கள். எந்த ஊரானாலும் மகிழத்தான் செய்யும். இங்கே ஒரகடத்தில் அதற்கு நான்கு வருடம் முன்பு, 2012இல், அன்று அதே டெய்ம்லர் குடும்பத்தைச் சேர்ந்த லாரி ஆலை திறந்திருந்தது. ஒரே முத்திரைக்குக் கீழே ஒரு கரும்பு ஊரும் ஓர் ஏரிப்பாசன ஊரும். 2020 டிசம்பரில் இராசெமாபொலிஸ் ஆலையை மெர்சிடிஸ் மூடியது. ஐந்து வருடம்கூட ஆகவில்லை. அடுத்த வருடம் அதைச் சீனத்தின் கிரேட் வால் நிறுவனம் வாங்கியது. அங்கே மறுபடி கார் செய்யத் தொடங்கியது 2025இல்தான். நடுவில் அந்த ஊர் என்ன செய்துகொண்டிருந்தது? ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் கட்டடம் வெறுமையாகக் கிடந்த வருடங்களில் இந்த ஊர் என்ன செய்ததோ அதையேதான் செய்திருக்க வேண்டும்: காத்திருந்திருக்கும். 2020இல்தான் சால்காம்ப் என்கிற இன்னொரு ஃபின்லாந்துத் தோற்ற நிறுவனம் நோக்கியாவின் மூடிய ஆலையில் சார்ஜர் செய்யத் தொடங்கியது. நோக்கியா வளாகத்திலேயே இயங்கி 2014 டிசம்பரில் நின்றுபோன ஃபாக்ஸ்கான், இதே வட்டாரத்துக்கு ஐபோனோடு திரும்பி வந்துவிட்டது. கட்டடத்துக்கு மறுபிறவி உண்டு, நிறுவனத்துக்கும் உண்டு. 2006இல் பத்தொன்பது வயதில் உள்ளே போன பெண்ணுக்கு 2020இல் முப்பத்துமூன்று வயது. முப்பத்துமூன்றுக்கு எலானோவைத் தங்கக் காலணி தேடி வந்தது. புது லைன்களோ மறுபடி பத்தொன்பது வயதுக்காரியைத்தான் கேட்கின்றன.

நோக்கியா மூடியதற்குக் காரணம் அந்தப் பெண்களின் விரல்களில் இல்லை. வருமானவரித் தகராறில் ஆலை முடக்கப்பட்டிருந்தது; 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் எடுத்துக்கொண்டபோது ஸ்ரீபெரும்புதூர் மட்டும் வெளியே விடப்பட்டது. கடைசி நாளுக்கு முன்பே ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விஆர்எஸ் என்கிற விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சமிருந்த சில நூறு பேரோடு லைன் அடங்கியது. செட்டில்மென்ட் பணத்தில் நகையை மீட்டிருப்பார்கள், வீட்டுக்கு ஒரு அறை கட்டியிருப்பார்கள், கல்யாணச் செலவுக்குப் போயிருக்கும். பணம் கணக்கில் வந்தது. விரலில் இருந்த அந்த வேகம் எந்தக் கணக்கிலும் வரவில்லை. அதைச் சொல்ல ஒரு பெயரில்லை, எழுதிக்கொடுக்க ஒரு சான்றிதழ் இல்லை. எலானோ எந்த ஊருக்குப் போனாலும் அவருக்கு முன்பே காணொளிக் காட்சிகள் போய்ச் சேர்ந்திருந்தன. நியூகாஸில் கோலை யாரும் எங்கும் பார்க்கலாம். லைனில் நின்ற கைகளின் வேகத்தைப் பார்த்த கண்கள் ஷிப்ட் இன்சார்ஜின் கண்களும் கேமராவின் கண்ணும்தான், அந்தப் பதிவுகள் கம்பெனியின் சொத்து. ஆகவே திறமை அபூர்வமா இல்லையா என்பது மட்டும் கேள்வியில்லை. அதற்குச் சாட்சி யார் கையில் இருக்கிறது என்பதும்தான்.

இந்த இடத்தில் எனக்கே ஒரு தயக்கம் வருகிறது. நட்சத்திர ஆட்டக்காரரையும் லைன் தொழிலாளியையும் ஒரே தட்டில் வைப்பது யாருக்கு நியாயம்? ஒரு எலானோவுக்குப் பின்னால் சாண்டோஸிலும் காம்பினாஸிலும் பதினைந்து பதினாறு வயதில் வெளியே அனுப்பப்பட்ட பையன்கள் எத்தனை பேர். அவர்கள் கால்களிலும் திறமை இறங்கியிருந்தது, அதற்கும் விலை வரவில்லை. எலானோவின் காலேகூட எப்போதும் அவர் சொல்பேச்சுக் கேட்டதில்லை. 2011 கோபா அமெரிக்காவில் பராகுவேயோடு நடந்த பெனால்டி மோதலில் பிரேசில் அடித்த நான்குமே வீண். முதலில் போய் வானத்தில் அடித்தவர் அவர்தான். பத்தே நாளில் ஃபிளமெங்கோவுக்கு எதிராக, பெனால்டியைப் பூப்போல் மெல்லத் தூக்கிப் போட்டார். கோல்கீப்பர் ஃபெலிப்பே அசையாமல் நின்று பிடித்துக்கொண்டார், பந்தைத் தட்டி விளையாடிக் கேலியும் செய்தார். சாண்டோஸ் அந்த ஆட்டத்தை நான்குக்கு ஐந்து என்று இழந்தது. ஆனாலும் அந்தத் தவறுக்கும் அவர் பெயர் இருக்கிறது, அதுவும் அவருடையது. சென்னையின் 2015 பட்டத்துக்குப் பின் கோவாவில் நடந்த சச்சரவில், எதிரணி உரிமையாளர் ஒருவரின் புகாரில் அன்றிரவு கைதாகிப் பிணையில் வெளிவந்தாரே, அந்தச் செய்தியும் அவர் பெயரோடுதான் இருக்கிறது. லைனில் தவறு நடந்தால் எந்த ஷிப்ட், எந்த ஸ்டேஷன் என்று எழுதுவார்கள். அதற்காகச் சம்பளமும் போகலாம், வேலையும் போகலாம். ஆனால் அந்தத் தவறில்கூட அந்த மனிதனுக்கென்று ஒரு வரலாறு சேர்வதில்லை.

அந்த 2015 டிசம்பரை இந்தச் சாலை வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு ஊருக்குள் வந்தது. தொழிற்பூங்காக்களில் லைன்கள் நின்றன, ஒரகடத்தில் கார் உற்பத்தி நின்றது. மழையால் சென்னையில் அரையிறுதி ஆட முடியவில்லை; ஆட்டத்தைப் புனேவுக்கு மாற்றினார்கள், சென்னை அணி அங்கே கொல்கத்தாவை மூன்று கோலில் ஜெயித்தது. ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஷிப்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அன்றைக்கு வேலைக்கு வர முடியாமல் போன காண்ட்ராக்ட் ஆளுக்கு அந்த நாள்களின் கூலி என்னவாயிற்று என்று எந்த வெள்ளக் கணக்கிலும் தனியாக எழுதவில்லை. அவன் வராதது ஒரு செய்தியாகவே ஆகவில்லை.

அவர்கள் இல்லாதது தெரியவந்த சந்தர்ப்பங்கள் இந்தச் சாலையில் மிகச் சில. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. சக பெண்கள் இரவில் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது, அப்போதுதான் உலகம் ஐபோனுக்குப் பின்னால் இருக்கும் சுங்குவார்சத்திரத்தைக் கேள்விப்பட்டது. 2024 செப்டம்பரிலிருந்து அக்டோபர் நடு வரைக்கும் 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் ஆலைக்கு வெளியே பந்தலில் இருந்தார்கள். கேட்டது முக்கியமாகச் சங்கத்துக்கு அங்கீகாரம். வேலைநிறுத்தத்தைச் சம்பளத் தகராறாக மட்டும் படிப்பவர்களுக்கு இது புரியாது. யார் இல்லாவிட்டாலும் தெரியாதபடி கட்டிய இடத்தில், நாங்கள் இல்லை பார் என்று காட்டுவதற்கு அவர்களிடம் இருந்த ஒரே வழி அது. 2010இல் நெதர்லாந்துக்கு எதிராகப் பெஞ்சில்கூட உட்கார முடியாத எலானோவின் இன்மையைக் கோடிப் பேர் பேசினார்கள். இவர்கள் தங்கள் இன்மையைப் பேசவைக்க ரோட்டுக்கு வர வேண்டியிருந்தது.

பழைய சென்னைக்கு இதில் வேறொரு வழக்கம் இருந்தது. ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, இந்தியன் வங்கி என்று வேலை கொடுத்த இடங்களே கால்பந்து அணிகளையும் வைத்திருந்தன. வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் புழுதியில் ஆடிய பையன், விளையாட்டு ஒதுக்கீட்டில் உள்ளே போய் மாலையில் பயிற்சி செய்து, கால் ஓய்ந்த பின் ஓய்வூதியம் வரைக்கும் மேசையிலோ பட்டறையிலோ இருந்தான். அதை நான் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். உள்ளே போனவர்கள் கொஞ்சம், வெளியே நின்றவர்கள் ஏராளம். ஆனால் ஒரு மனிதனிடம் லைனுக்கு வெளியேயும் ஏதோ இருக்கிறது, அது தேய்ந்த பிறகும் அவனை வைத்துக்கொள்ள வேண்டும் என்கிற எண்ணம் அந்த ஏற்பாட்டுக்குள் இருந்தது. டிரெய்னியாக வந்து, காண்ட்ராக்டாக மாறி, சில வருடத்தில் வெளியே போகிறவர்கள் நிறைந்த இடத்தில் அந்த எண்ணத்துக்கு உட்காரவே இடமில்லை. வல்லத்திலும் மாத்தூரிலும் ஓர் அறையில் ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கும் பையன்கள் நைட் ஷிப்ட் முடித்து வந்து, கைப்பேசியில் எங்கோ நடக்கும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போகிறார்கள். பார்க்கிற கைப்பேசியே அவர்களில் ஒருவன் லைனில் நின்று செய்ததாக இருக்கலாம்.

எலானோ 2016 கடைசியில் சாண்டோஸில் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். பிரேசிலுக்காக ஐம்பது ஆட்டங்கள், ஒரு கோபா அமெரிக்கா, ஒரு கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை. பிறகு பயிற்சியாளரானார், 2020இல் தன் பிறந்த ஊருக்குப் பக்கத்து நகரமான லிமெய்ராவின் இன்டர் அணியைப் பார்த்துக்கொண்டார். பெரிய பயிற்சியாளர் என்று சொல்வதற்கில்லை. ஆனால் கால் ஓய்ந்த பிறகும் காலுக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் இடம் கிடைத்தது. அதே வருடக் கடைசியில்தான் பக்கத்தில் மெர்சிடிஸ் ஆலை மூடப்பட்டது. அவர் கொண்டுபோன திறமை அவரோடு திரும்பி வந்தது. ஊரில் இருந்தவர்கள் கற்ற திறமை ஆலையோடு நின்றுபோனது.

ஒரு ஆலை வருகிறது என்றால் முதலீடு எத்தனை கோடி, வேலை எத்தனை ஆயிரம் என்ற இரண்டு எண்களைத்தான் அரசு அறிவிக்கிறது, நாமும் அதோடு திருப்தியாகிறோம். மூன்றாவதாக ஒன்றைக் கேட்க வேண்டும்: வேலை முடிந்து வெளியே வருகிறவர் கையில் எது மிஞ்சும்? ஒரே ஸ்டேஷனில் வருடக்கணக்கில் நிறுத்தாமல் பல வேலைகளைக் கற்றுக்கொடுக்கச் சொல்லலாம். கற்றதை வேறு ஆலையும் ஏற்கும் சான்றாக எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். முப்பது கடந்தவரை லைனிலிருந்து வெளியே தள்ளாமல் புதிதாக வருகிறவருக்குப் பயிற்சி தரும் ஆளாக வைத்துக்கொள்ளச் சொல்லலாம். நிலமும் தண்ணீரும் மின்சாரமும் சலுகையில் கொடுக்கும் அரசுக்கு இவற்றை ஒப்பந்தத்தில் எழுதும் உரிமை இருக்கிறது. அடுத்த ஒப்பந்தத்திலாவது எழுதட்டும்.